குன்றின்மேல் ஒரு நாகப்பட்டினம்

ஸ்காட்லாந்துக்கு உல்லாசப் பிரயாணம் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் எடின்பரோ கோட்டையைச் சுற்றிப் பார்த்து, லாக் நெஸ் ஏரிக்கரையில் நின்று இல்லாத ஒரு ஜந்துவுக்காகச் சிறிது நேரம் காத்திருந்து, இன்வர்னஸ் நகரத்தில் ஓர் இரவு தங்கி, கம்பளிச் சால்வை ஒன்றை விலைபேசாமல் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையிலேயே தெற்கு நோக்கித் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கிடைக்கிற விடுமுறை சொற்பம், ஆகிற செலவோ அபாரம். ஆயினும் இன்வர்னஸோடு ஸ்காட்லாந்து முடிந்துவிடுவதில்லை என்பதையும், அங்கிருந்து வடக்கே ஒரு ரயில் பாதை கடலோரமாகவும் ஆளரவமற்ற சதுப்பு நிலங்களின் ஊடாகவும் வளைந்து வளைந்து விக், தர்ஸோ என்னும் ஊர்கள்வரை போகிறது என்பதையும், அந்தப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்திலேயே தமிழ்நாட்டோடு விசித்திரமான சம்பந்தம் பூண்ட ஒரு சிற்றூர் இருக்கிறது என்பதையும் சொல்லவே இந்தப் பதிவை எழுதுகிறேன். ஊரின் பெயர் ஆல்னஸ். அங்கே ஜூன் மாதத்துப் பகல் ஒன்றை முழுவதுமாகக் கழித்தேன். அந்த அட்சரேகையில் ஜூன் மாதத்துப் பகல் என்றால் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சம்பந்தம் இதுதான். ஆல்னஸுக்கு மேற்கே ஃபைரிஷ் என்று ஒரு குன்று. உயரம் சுமார் 450 மீட்டர். அதன் உச்சியில், பத்துப் பதினைந்து மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் வானத்தின் விளிம்பில் கறுப்பாகத் தெரியும்படி, ஒரு பெரிய கல்வாயில் நிற்கிறது. வாயில் என்றால் அதன் பின்னால் கோட்டையோ அரண்மனையோ இருக்கும் என்று நினைக்காதீர்கள். முன்னாலும் காற்று, பின்னாலும் காற்று. இது நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் பிரதி என்பது இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கே வழங்கிவரும் செய்தி. கட்டுவித்தவர் அடிவாரத்தில் உள்ள நோவார் பண்ணையின் எஜமானரும், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் யுத்தங்களில் தளபதியாக இருந்தவருமான ஸர் ஹெக்டர் மன்றோ. நம் ஊரில் மன்றோ என்றால், சென்னைத் தீவுத்திடலில் சேணமில்லாக் குதிரைமேல் வீற்றிருக்கும் தாமஸ் மன்றோவின் ஞாபகமே எவருக்கும் வரும். அவர் வேறு, இவர் வேறு. அவர் கிளாஸ்கோ நகரத்துப் பிள்ளை. 1780இல் சென்னைக்கு வந்து இறங்கிய புதிதில் இந்த ஹெக்டர் மன்றோவின் சேனையில்தான் இளம் காடெட்டாகச் சேவகம் செய்தார். அவரைக் குறித்து ராயலசீமையில் இன்னும் நல்ல வார்த்தை சொல்கிறார்கள். இவரைப் பற்றி அப்படிச் சொல்ல நம் பக்கத்தில் எவருக்கும் முகாந்திரம் இல்லை.

ரயில் பிரயாணமே தனி சுகம். இரண்டே பெட்டிகள் கொண்ட வண்டி. அதில் பாதிப் பேர் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். பியூலி என்னும் ஸ்டேஷன் வருவதற்கு முன், ஒரே ஒரு கதவுதான் திறக்கும், இறங்குகிறவர்கள் அந்தக் கதவருகே வந்து நிற்கவும் என்று அறிவிக்கிறார்கள்; காரணம், பல்லாண்டு மூடிக்கிடந்து 2002இல் மறுபடி திறக்கப்பட்ட அந்த ஸ்டேஷனின் நடைமேடை ஒரு பெட்டியின் நீளம்கூட இல்லாதது. டிங்வால் தாண்டியதும் க்ரோமார்ட்டிக் கழிமுகம் வலப்பக்கத்தில் விரிகிறது. நீர் வடிந்த வேளையாதலால், சேற்றுத் திட்டுகளில் கடல்நாய்கள், வேலை முடிந்த உத்தியோகஸ்தர்களைப் போலப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருந்தன. கழிமுகத்தின் நடுவே, கடலுக்கடியில் எண்ணெய் தோண்டும் ராட்சச இரும்பு மேடைகள், அடுத்த வேலைக்காகவோ பழுது பார்ப்பதற்காகவோ நங்கூரமிட்டுக் காத்திருக்கின்றன. அமைதியான நீர்ப்பரப்பில் இந்தப் பூதாகாரங்கள் அபசுரமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எனக்கென்னவோ அவை அந்த இடத்துக்கு ஒருவித கம்பீரத்தையே கொடுப்பதாகப் பட்டது.

ஆல்னஸ் பார்வைக்கு அழகான ஊர் அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபுரக் கடிகாரமும் வளைந்த கல்பாவிய சந்துகளும் கொண்ட, பஞ்சாங்கப் படத்துக்கு ஏற்ற ஸ்காட்டிஷ் ஊர்கள் எத்தனையோ உண்டு. இது நேரான ஒரே பெரிய தெரு; இருமருங்கிலும் சாம்பல் நிற வீடுகள், ரொட்டிக் கடை, இறைச்சிக் கடை, மருந்துக் கடை, முடிதிருத்தகம்; நடுவில் ஆவெரன் ஆற்றின்மேல் ஒரு பாலம். ஆனால் அந்தத் தெருவுக்குள் நுழைந்தவுடன் நடை தானாகவே தளர்ந்துவிடும். ஏனென்றால் எங்கு பார்த்தாலும் பூ. விளக்குக் கம்பங்களில் தொங்கும் கூடைகளில் பூ, பாலத்தின் கைப்பிடியில் பூ, ஜன்னல் விளிம்புகளில் பூ, பழைய மரப்பீப்பாய்களை இரண்டாக அறுத்து மண் நிரப்பி அவற்றிலும் பூ. அழகான ஊர்களின் போட்டிகளில் ஆல்னஸ் பலமுறை பரிசு வாங்கியிருக்கிறது. இது நகரசபைச் சிப்பந்திகளின் கைங்கரியம் என்று எண்ணினால் தவறு. ஊர்க்காரர்கள் தாங்களே நிதி திரட்டி, நாற்று நட்டு, முறைவைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள்.

அப்படித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம்தான் குன்றுக்கு வழி கேட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர். மழைச் சட்டை, ரப்பர் காலணி, கையில் நீண்ட கழுத்துடைய பூவாளி. “நடந்தே போகலாம், ஆனால் அடிவாரம் போய்ச் சேருவதற்குள் ஏறுவதற்கு வேண்டிய உற்சாகம் தீர்ந்துபோகும்” என்றார். பிறகு நான் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். நாகப்பட்டினத்தைச் சொல்லி, அதற்குச் சில மணி நேரப் பிரயாணத்தில் இருக்கிறது என் ஊர் என்றதும், பூவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்படியானால் நீங்கள் உங்கள் வாயிலைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறீர்கள், இல்லையா?” என்று கேட்டுவிட்டு, எதிர்க்கடையில் இருந்த பெண்ணை அழைத்து இந்தச் செய்தியைச் சொல்லி, இருவருமாகச் சிரித்தார்கள். தம் கணவர் பகல் இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் வண்டியில் போகிறார் என்றும், அவர் என்னைக் குன்றின் அடியில் இறக்கிவிடுவார் என்றும், அதுவரை நான் ஏதாவது சாப்பிட்டுக் கடற்கரையையும் பார்த்து வரலாம் என்றும் என் நாளைத் தாமே வகுத்துக் கொடுத்துவிட்டார். அந்நியனான ஒருவனுடைய பகல்பொழுதை இவ்வளவு சுவாதீனமாகக் கையில் எடுத்துக்கொள்ளும் உரிமை நம் கிராமத்துப் பாட்டிமார்களுக்கு மட்டுமே உண்டு என்பது அதுவரை என் எண்ணம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சைவ போஜனக்காரர்கள் ஸ்காட்லாந்தில் கவலைப்பட வேண்டியதில்லை. சிறிய காப்பிக் கடையிலும் பருப்பு சூப் கிடைக்கும்; இறைச்சிச் சாறு சேர்க்காததுதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போன கடையில் மசூர் பருப்பும் காரட்டும் சேர்த்துக் குழைய வேகவைத்திருந்தார்கள். மிளகுத்தூள் டப்பாவை நான் தாராளமாகக் கவிழ்த்ததைப் பரிமாறிய பெண் மரியாதையாகக் கவனிக்காதது போல் இருந்துவிட்டாள்.

கடற்கரைக்குப் போகும் வழியில் தூரத்திலேயே நாசியை எட்டுகிறது, ஊறிய பார்லியின் இனிய புளிப்பு மணம். டால்மோர் என்னும் பிரசித்தி பெற்ற விஸ்கி ஆலை கழிமுகத்தின் விளிம்பிலேயே இருக்கிறது. ஊரில் டீனினிக் என்று மற்றோர் ஆலையும் உண்டு. எனக்கு மதுவில் ருசி இல்லை, சரித்திரத்தில் உண்டு. டால்மோரை 1839இல் ஸ்தாபித்த அலெக்ஸாண்டர் மாதிஸன், சீனாவுக்கு அபினி அனுப்பிப் பெருந்தனம் திரட்டிய ஜார்டின் மாதிஸன் கம்பெனியைச் சேர்ந்தவர். அந்த அபினி நம் நாட்டு வயல்களில் விளைந்தது. ஆக, கங்கைக்கரைக் குடியானவனின் உழைப்பு சீனத்து மனிதனின் புகைக்குழாய் வழியாகப் பணமாக மாறி, இந்தக் கழிமுகத்தின் கரையில் நிலமாகவும் ஆலையாகவும் நிலைபெற்றது. அதற்கு அப்பால் கடலுக்குள் நீண்டிருக்கும் பழைய துறையை யாங்கி துறை என்கிறார்கள். முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்கக் கடற்படையினர் ஆலையையே கண்ணிவெடிக் கிடங்காக மாற்றிக்கொண்டு, வட கடலில் விதைப்பதற்கான கண்ணிவெடிகளை இங்கிருந்து கப்பலேற்றினார்கள். இரண்டாவது யுத்தத்தில் நீரிலிருந்து கிளம்பும் விமானங்கள் இதே கழிமுகத்தில் பயிற்சி பெற்றன. பூக்கூடை தொங்கும் ஒரு சிற்றூரின் கொல்லைப்புறத்தில் உலக சரித்திரம் இப்படிக் குப்பையும் செல்வமுமாகக் கொட்டிக் கிடக்கும் என்று எந்த வழிகாட்டிப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டு மணிக்கு அந்த அம்மாளின் கணவர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். மனைவிக்கு நேர்மாறாக, அளந்து பேசுகிறவர். இவர் இளைஞராக இருந்தபோது பக்கத்து ஊரான இன்வர்கார்டனில் அலுமினிய உலை திறந்தது, 1971இல். அதில் வேலை செய்யத் தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்களுக்காகத்தான், அதுவரை கிராமமாக இருந்த ஆல்னஸ் வீடுகள் பெருகி ஊராயிற்று. மின்சாரச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1981ஆம் ஆண்டின் கடைசியில் உலையை மூடிவிட்டார்கள். வேலையிழந்த நூற்றுக்கணக்கானோரில் இவரும் ஒருவர். “பிறகு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன். “மேடைகளுக்குப் போனேன்” என்று கழிமுகத்தின் பக்கம் முகவாய்க்கட்டையை அசைத்தார். சிறிது தூரம் மௌனமாக ஓட்டிவிட்டு, “அந்தக் குளிர்காலம் ஊர் மிகவும் இருண்டிருந்தது, பூவெல்லாம் அப்புறம் வந்ததுதான்” என்றார். ஊர் முழுவதும் பூச்செடி வைப்பது வெறும் பொழுதுபோக்கு என்று காலையில் நான் கொண்டிருந்த அபிப்பிராயம் அந்த ஒரு வாக்கியத்தில் மாறிவிட்டது.

குன்றுக்கு ஏறும் பாதை போத் என்னும் இடத்துக்குப் போகிற சாலையில் ஆரம்பிக்கிறது. இந்தச் சாலையிலும் ஒரு விருத்தாந்தம் உண்டு. 1792இல், ஜமீன்தார்கள் மனிதர்களை அகற்றிவிட்டு ஆட்டு மந்தைகளை மேயவிடத் தொடங்கிய காலத்தில், ராஸ், ஸதர்லாந்து பிரதேசங்களின் ஏழைக் குடிகள் ஒன்றுகூடி, ஒருவரையும் அடிக்காமல், ஆடுகளை மட்டும் ஆயிரக்கணக்கில் திரட்டித் தெற்கு நோக்கி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். போத் அருகே வந்தபோது, இன்வர்னஸ் பக்கத்து ஜார்ஜ் கோட்டையிலிருந்து ராணுவம் வருகிறதென்று கேள்விப்பட்டு இரவோடு இரவாகக் கலைந்தார்கள். சிலர் பிடிபட்டு இன்வர்னஸில் விசாரணைக்கு உள்ளானார்கள். கெய்லிக் மொழி பேசிய அந்த மக்கள் அந்த வருஷத்தை ஆடுகளின் வருஷம் என்றே அழைத்தார்கள். வந்த படை நாற்பத்திரண்டாவது ரெஜிமெண்ட். அதற்குக் கர்னல் வேறு யாருமல்லர், நமது ஹெக்டர் மன்றோவேதான்.

பாதை நன்றாக இருக்கிறது. முதலில் பைன் மரக்காடு, பிறகு ஒரு சிறிய ஏரி, அதன்பின் மரங்கள் விலகி முழங்கால் உயரப் புதர்கள் அடர்ந்த திறந்த வெளி. காற்று நின்ற இடங்களில் மிட்ஜ் என்னும் பொடி ஈக்கள் காதுமடலைத் தேடி வந்து கடிக்கின்றன. நம் கொசுவுக்கு இருக்கிற கண்ணியம், அதாவது பாடிவிட்டுக் கடிக்கும் வழக்கம், அவற்றுக்குக் கிடையாது. ஒன்றரை மணி நேரத்தில் உச்சியை அடைந்தேன். நாய்களை அழைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் என்னைவிட வேகமாகவும், என்னைவிட வயதானவர்களாகவும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் கடந்து போகையில் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை.

வாயில் அருகில் பார்க்கும்போது முரட்டுத்தனமாக இருக்கிறது. செதுக்கு வேலையோ சிற்பமோ இல்லாமல், கிடைத்த கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கியது. நடுவே வளைவான திறப்புகள், பக்கங்களில் தனித்தனியே நிற்கும் கல்கம்பங்கள்; திறப்பு வழியாகப் பார்த்தால் ஒரு பக்கம் கழிமுகமும் இரும்பு மேடைகளும் அவற்றுக்கப்பால் கடலும், மறுபக்கம் பென் வைவிஸ் மலையின் அகன்ற முதுகும். ஊரில் எல்லோரும் சொல்லும் கதை என்னவென்றால், வேலையின்றி வாடிய குடிகளுக்குக் கூலி கொடுப்பதற்காகவே மன்றோ இதைக் கட்டச்சொன்னார், அவர்கள் பெருமைக்குப் பங்கம் வராமல் இருக்கவேண்டுமே என்று சும்மா கொடுக்காமல் வேலையாகக் கொடுத்தார், வேலை சீக்கிரம் முடிந்துவிடுமே என்று மேலே போன கற்களை மறுபடி கீழே உருட்டிவிட்டு இன்னொரு முறை தூக்கவைத்தார் என்பது. தர்மசிந்தனைக்கு உதாரணமாக இதைச் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு சமாதானம் ஏற்படவில்லை. கூலி கொடுக்க மனமிருந்த கனவான் அதே ஆட்களைக் கொண்டு ஒரு சாலையையோ பாலத்தையோ போட்டிருக்கலாமே? உச்சியில் தம் கீர்த்தியைத்தானே கட்டிக்கொண்டார்?

அந்தக் கீர்த்தியையும் சற்று விசாரிக்க வேண்டும். 1764இல் பக்ஸார் யுத்தத்தை ஜயித்தவர் இவர். யுத்தத்துக்கு முன்பாக, அடங்காத சிப்பாய்கள் 24 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச்செய்தவரும் இவரே. 1780 செப்டம்பரில், ஹைதர் அலியின் சேனை ஆர்க்காட்டுப் பிரதேசத்தில் இறங்கியபோது, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் பெய்லி என்பவரின் கீழ் வந்துகொண்டிருந்த கம்பெனிப் படையைத் திப்பு சுல்தானும் ஹைதரும் சூழ்ந்து நிர்மூலமாக்கினார்கள். சில மைல் தூரத்தில், காஞ்சிபுரத்தில், பெரும்படையோடு இருந்த மன்றோ உரிய வேளையில் உதவிக்குப் போய்ச் சேரவில்லை. செய்தி வந்ததும், கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். கம்பெனியார் இந்தியாவில் அதுவரை கண்ட தோல்விகளில் மிக மோசமானவற்றில் ஒன்று அது. அடுத்த வருஷம் நவம்பரில், டச்சுக்காரரின் சோழமண்டலக்கரைத் தலைமையிடமாக விளங்கிய நாகப்பட்டினத்தை முற்றுகையிட்டுப் பிடித்து அந்தக் களங்கத்தை ஓரளவு துடைத்துக்கொண்டு, உடனே சீமைக்குக் கப்பலேறினார். 1782 வாக்கில் குன்றின்மேல் வேலை ஆரம்பமாகிவிட்டது. புள்ளலூரை மறைப்பதற்கு நாகப்பட்டினத்தைக் கட்டினார் என்பது என் அபிப்பிராயம். அவருடைய மகன்களில் ஒருவன் 1792இல் வங்காளத்து ஸாகர் தீவில் புலியால் கொல்லப்பட்டான். லண்டன் மியூசியம் ஒன்றில் இன்றும் இருக்கிற, வெள்ளைக்காரச் சிப்பாயின்மேல் புலி பாயும் திப்புவின் மரப்பொம்மைக்கு அந்தச் சம்பவமே தூண்டுதலாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் ஊகம்.

இவ்வளவையும் மனத்தில் அடுக்கிக்கொண்டு கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது, தாயும் தந்தையுமாக ஏறிவந்த ஒரு குடும்பத்தினர் தங்கள் பிஸ்கட் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்கள். வழக்கமான விசாரணைகள் நடந்தன. இந்த வாயில் எந்த ஊரைச் சேர்ந்தது என்று தெரியுமா என்று அவர்களுடைய பெண் குழந்தையைக் கேட்டேன். எட்டு வயது இருக்கும். இந்தியா என்று டீச்சர் சொன்னதாகவும், ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை என்றும் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்தேன். மூன்று தரம் முயன்று, நான்காம் தரம் ஏறக்குறைய சரியாகவே “நாகப்பட்டினம்” என்றாள். பிறகு நியாயமான ஒரு கேள்வியையும் கேட்டாள்: “அங்கே இருக்கிறது இதைவிடப் பெரியதா?” டச்சுக்காரரின் கோட்டையில் இன்று அங்கே எதுவும் மிஞ்சவில்லை என்று நான் சொன்னதை அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நகல் இருக்கும்போது அசல் எப்படி இல்லாமல் போகும் என்பது அவளுடைய தர்க்கம். தந்தையோ, வாயிலை நிமிர்ந்து பார்த்து, “ஆக, கடைசிப் பிரதி எங்களிடம்தான் இருக்கிறது” என்று மெதுவாகச் சொன்னார். அதில் பெருமையும் கூச்சமும் சமபாகமாகக் கலந்திருந்தன.

இறங்கியதும் அவர்கள் வண்டியிலேயே என்னை ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டார்கள். பெரிய தெருவைக் கடக்கும்போது காலையில் பார்த்த அம்மாள் வேறொரு பீப்பாயின் பக்கத்தில் நின்று பட்ட இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் என்னைக் கண்டு, வாயில் எங்கே என்று கேட்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. இன்வர்னஸில் தங்கினால் காலை வண்டியைப் பிடியுங்கள். பகலில் வண்டிகள் குறைவு, ஆகையால் திரும்பும் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பிடிமானமுள்ள காலணியும் மழைச்சட்டையும் அவசியம். குன்றேற அனுமதிச் சீட்டோ கட்டணமோ கிடையாது. நாகப்பட்டினத்து வாசகர்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு: டச்சுக்காரர் காலத்துக் கோட்டை வாயிலின் பழைய சித்திரமோ வரைபடமோ உங்களில் எவர் வீட்டிலேனும், உள்ளூர் நூலகத்திலேனும் இருக்குமானால், தயவுசெய்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதை ஆல்னஸ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைப்பது என் பொறுப்பு.